கோளரங்கத்துக்கு அப்பாவோடு: கோலாலம்பூர் பயணக் குறிப்புகள்

ஜூன் 5, வெள்ளி: பட்டர்வொர்த்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ்

ரயில் பெட்டிக்குள் அப்படி ஒரு குளிர். பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஏறும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. தைப்பிங் வருவதற்குள் அப்பா என் துப்பட்டாவை வாங்கித் தலையோடு காதோடு சுற்றிக்கொண்டார். எதிர் வரிசையில் இருந்த ஒரு மலாய் அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து தன் மகனுடைய ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். அப்பா வேண்டாம் என்றார். அந்த அம்மா கேட்கவில்லை, எழுந்து வந்து தோளில் போர்த்தியே விட்டார். கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கும் வரை ஜாக்கெட் அப்பாவிடம்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது, "ஊருக்குப் போனதும் சூடாக ஏதாவது குடியுங்கள்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

பயணம் என் அக்கா மகனுக்காக. பதினொரு வயது. பள்ளி விடுமுறை விட்டதிலிருந்து ராக்கெட் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. தேசியக் கோளரங்கத்தில் நிஜமான ராக்கெட் எஞ்சின் ஒன்று இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டான். "சித்தி, பொம்மை இல்ல, நெசமானது" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வான். சரி, போகலாம் என்று முடிவு செய்ததும், கேட்காமலேயே அப்பாவும் சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971-ல் பட்டர்வொர்த் வான்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது தளம் ஆஸ்திரேலியர்கள் கையில் இருந்தது, 1988-ல்தான் மலேசிய வான்படைக்கு வந்தது. அப்பாவின் வேலை ஹேங்கர் எனும் விமானக் கொட்டகையின் தரையைக் கழுவுவது, சிந்திய எண்ணெயைத் துடைப்பது, அப்புறம் விமானங்கள் நகரும் தளத்தில் மற்றவர்களோடு வரிசையாக நடந்து கல், ஆணி, கம்பித்துண்டு எது கிடந்தாலும் பொறுக்குவது. ஜெட் எஞ்சின் காற்றை இழுக்கும் வேகத்தில் ஒரு சின்ன ஆணி உள்ளே போனாலும் அதன் சுழலும் தகடுகள் சிதைந்துவிடும். ஆகவே அந்த நடை தினமும் உண்டு, மழை விட்டதும் இன்னொரு தடவையும் உண்டு. மிராஜ் போர் விமானம் கிளம்பும் சத்தத்தை அப்பா இன்றைக்கும் வாயால் செய்து காட்டுவார்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்திருந்தோம். பையை வைத்ததும் அப்பா கேட்டது இதுதான்: "சுங்கை பீசி பழைய ஏர்போட் பக்கம் ஒருக்கா போய்ட்டு வரலாமா?"

வான்படை அருங்காட்சியகம் முன்பு அங்கேதான் இருந்தது. 2018-ல் அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள் என்பது அப்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மண்ணைப் பார்க்க வேண்டுமாம். வாடகைக் காடி வந்தது. ஓட்டியது ஒரு தமிழ்ப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். "அங்க இப்ப ஒண்ணும் இல்லையே ஐயா" என்றான். விஷயத்தைச் சொன்னதும் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜாலான் லாப்பாங்கான் தெர்பாங் லாமாவில் வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்த வண்டிகளுக்கு வழி விட்டு, ஓரமாக உருட்டிக்கொண்டே போனான்.

வேலியும் புல்லும்தான் கண்ணில் பட்டன. ஆனால் அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1965-ல் சுபாங் விமான நிலையம் திறக்கும் வரை கோலாலம்பூருக்கு விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் இறங்கியது இங்கேதான் என்று பேரனிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நாட்டு வான்படையின் முதல் விமானம் ட்வின் பயனியர். 1958-ல் வந்தது, 'லாங் ராஜாவாலி' என்று பெயர் வைத்தார்கள். குட்டையான ஓடுபாதை போதும், காட்டுக்குள் வெட்டிவைத்த சின்னத் திடலில்கூட இறங்கிவிடும். கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் உள்காட்டுக் காவல் நிலையங்களுக்கு அப்படிப்பட்ட விமானம்தான் தேவைப்பட்டது. இதெல்லாம் அப்பா ஹேங்கரில் பெரியவர்கள் பேசக் கேட்டது. நான் இதுவரை கேட்டதில்லை.

திரும்பி வந்து இறங்கும்போது, காத்திருந்த நேரத்துக்குச் சேர்த்துக் கொடுத்த காசை அந்தப் பையன் வாங்கவில்லை. "என் தாத்தாவும் தோட்டத்துல லாரி ஓட்டினவருதான்" என்றான்.

இரவு வாழை இலைச் சாப்பாடு. சைவம் 12 வெள்ளி (ரிங்கிட்), பொரித்த மீன் ஒரு துண்டு 9 வெள்ளி. மீன் எங்கள் ஊர் மீன் மாதிரி வராது, அதை விடுங்கள். பாகற்காய் வறுவல் மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினோம். ரசம் நல்ல மிளகு. ரயில் குளிரில் கட்டிப்போன தொண்டை அதில்தான் திறந்தது. அறைக்கு வந்தால் குளியலறையில் சுடுதண்ணீர் வரவில்லை. விடுதிக்காரர் ஒரு கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து, அப்பாவுக்கு மட்டும் வாளியில் விளாவிக் கொடுத்தார்.

ஜூன் 6, சனி: கோளரங்கம்

காலையில் பசியாற மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகம். ரொட்டி சானாய் 2 வெள்ளி, தே தாரேக் 2 வெள்ளி 80 சென். அப்பாவுக்கு டால் பிடிக்கவில்லை, மீன் குழம்பு ஊற்றச் சொன்னார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பினாங்கா?" என்று கேட்டார்.

சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியாகவே தேசிய அருங்காட்சியக எம்.ஆர்.டி. நிலையத்துக்குப் போய்விடலாம். மேலே ஏறினால் அருங்காட்சியகம். அங்கிருந்து நடைபாலம் தாண்டினால் ஏரித் தோட்டத்துக் குன்றின் மேல் நீலக் குவிமாடம் தெரியும். தெரிவது வேறு, போய்ச் சேர்வது வேறு. அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை. பத்து மணிக்கே புழுக்கம் தொடங்கிவிட்டது. படிகளில் நின்று நின்று ஏறினோம். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காவலர், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி வரை இறங்கி வந்துவிட்டார். "அங்கிள், முதலில் உட்காருங்கள், எஞ்சின் எங்கேயும் ஓடாது" என்றார் மலாயில். அப்பா உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கும் வரை அவரும் பக்கத்தில் நின்று, எந்த ஊர், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று விசாரித்தார்.

உள்ளே போனதும் பையன் ஓடியே விட்டான். ஏரியான் 4 ராக்கெட்டின் எஞ்சின். நாட்டின் முதல் செயற்கைக்கோளான மீசாட் 1-ஐ ஏற்றிச் சென்றது இந்த வகை ராக்கெட்தான். மேலே குழாய்கள் பின்னிப் பிணைந்து கிடக்க, கீழே கோவில் மணியைப் போல விரிந்த உலோக வாய். ராக்கெட்டில் ஏறிப் பறந்த எஞ்சின்கள் எரிந்து முடித்ததும் கடலில் விழுந்திருக்கும். தரையில் தங்கிய ஒன்றைத்தான் நாம் இப்படிப் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறது. நான் அறிவியல் ஆசிரியை. படத்தில் அம்புக்குறி போட்டு எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். பக்கத்தில் நின்றபோது, அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து வளைத்திருக்கிறார் என்பதுதான் முதலில் தோன்றியது.

அப்பா எஞ்சினைச் சுற்றி மெதுவாக ஒரு சுற்று வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னிடம், "இதுக்குக் காத்து இழுக்குற வாய் எங்க?" என்று கேட்டார்.

இதைவிட நல்ல கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. ஹேங்கரில் வாழ்ந்தவர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். மிராஜ் விமானத்துக்கு உடம்பின் இரண்டு பக்கமும் காற்று வாய் உண்டு. ஜெட் எஞ்சின் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, அதில் எரிபொருளைப் பீச்சி எரிக்கிறது. ராக்கெட் போகும் உயரத்தில் காற்றே இல்லை. ஆகவே எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனேற்றியையும் அது தானே தொட்டியில் சுமந்துகொண்டு போகிறது. இந்த எஞ்சினில் இரண்டு திரவங்கள். தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய். இரண்டும் ஒன்றை ஒன்று தொட்ட நொடியில் தானாகவே பற்றிக்கொள்ளும், பொறி வைக்கத் தேவையில்லை. தீப்பிழம்பு அந்த மணிவாய் வழியே கீழே பாய, ராக்கெட் மேலே போகிறது.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப இதுக்குக் கல்லு பொறுக்க ஆள் வேண்டாம்" என்றார். பேரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கல் பொறுக்கிய கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னான். பக்கத்தில் நின்ற ஒரு சீனக் குடும்பமும் நின்று கேட்டது. அவர்கள் பெண்பிள்ளைக்காக அப்பா மலாய்க்கு மாறி, ஆட்கள் ஒரு கை அகலம் விட்டு எப்படி வரிசை கட்டுவார்கள் என்று நடந்தே காட்டினார். அந்தக் கூடத்தில் அப்பாவும் சில நிமிடம் வழிகாட்டியாக இருந்தார். பக்கத்தில் நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது.

மீசாட் 1 கிளம்பியது 1996 ஜனவரியில், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து. ஏன் அவ்வளவு தூரம் போய் ஏவ வேண்டும் என்று பையன் கேட்டான். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பூமி மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏவினால் அந்த வேகமும் சேர்ந்துவிடும், எரிபொருள் மிச்சம். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அதனால்தான் கூரை மேல் இருக்கும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு ஒரு தடவை திருப்பி வைத்தால் அப்படியே நிற்கிறது.

"ஆஸ்ட்ரோவா?" என்றார் அப்பா. ஆமாம், அதே ஆண்டு ஆஸ்ட்ரோ தொடங்கியது இந்தச் செயற்கைக்கோளை நம்பித்தான். அதில் வந்ததுதான் வானவில் என்ற தமிழ் அலைவரிசை. அதற்கு முன் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தமிழ் எப்போது வரும் என்று மணி பார்த்துக் காத்திருப்போம். தட்டு வாங்கிய முதல் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் எல்லாரும் பாய் எடுத்துக்கொண்டு போனது எனக்கே நினைவிருக்கிறது. தமிழ் நம் கூரைக்கு வந்து இறங்கிய வழி இதுதான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் எஞ்சினைத் திரும்ப ஒரு சுற்று வந்தார்.

மதியம் நாசி லெமாக் பொட்டலம், சம்பல் நல்ல காரம். அப்புறம் வெளியே விண்வெளிப் பூங்கா. பழங்கால வானாய்வுக் கூடங்களின் மாதிரிகள் அங்கே இருக்கின்றன. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் ஒன்று, ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் 18-ம் நூற்றாண்டில் கட்டிய ஜந்தர் மந்தர் இன்னொன்று. நிழல் நகர்வதைப் பார்த்து மணி சொல்லும் சுவர் அது. நாங்கள் போய் நின்றதும் மேகம் சூரியனை மூடிவிட்டது. பையன் நிழலுக்காகக் காத்திருந்தான், வந்தது மழை. கோலாலம்பூர் மழை எச்சரிக்காது. ஓடி உள்ளே நுழைவதற்குள் மூவரும் நனைந்துவிட்டோம். தரை துடைத்துக்கொண்டிருந்த தமிழ் அக்கா ஒருவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, அப்பாவின் தலையைத் துவட்டக் காகிதத் துணி கொண்டுவந்தார். "வழுக்கும்பா, சுவர் பக்கமாவே வாங்க" என்று கைபிடித்துக் கூட்டிப்போனார்.

அரங்கில் நட்சத்திரக் காட்சி. இருட்டில் தலைக்கு மேல் வானம் விரிந்ததும் பையன் மூச்சே விடவில்லை. நாம் பூமத்தியரேகையிலிருந்து சில பாகைதான் வடக்கே இருக்கிறோம், துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். தெற்கே சிலுவை மண்டலம் நன்றாகத் தெரியும். சப்தரிஷி மண்டலம் வந்தபோது அப்பா இருட்டில் மெதுவாக, "அருந்ததி எங்க?" என்று கேட்டார். கரண்டி போலத் தெரியும் அந்த மண்டலத்தில், கைப்பிடியின் நடு நட்சத்திரத்தோடு ஒட்டி மங்கலாக நிற்பதுதான் அருந்ததி. தன் கல்யாணத்தில் ஐயர் பட்டப்பகலில் பந்தலுக்கு வெளியே நிறுத்திக் காட்டியதாகவும், அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாமல் தலையாட்டிவிட்டு வந்ததாகவும் வெளியே வந்ததும் சொன்னார். அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பார்.

இரவு விடுதியில் மறுபடியும் பெருமழை. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று படம் உறைந்து நின்றது. விடுதிக்காரர் ரிமோட்டைத் தட்டினார். பையன் போய், "அங்கிள், அது மழைத்துளி அலையை உறிஞ்சிடுது, மழை விட்டா வந்துடும்" என்றான். மதியம் நான் சொன்னதைத் தன் வார்த்தையில் சொல்கிறான். இந்த ஒளிபரப்பு அலையின் நீளம் சில சென்டிமீட்டர்தான், கனமழைத் துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். மழை குறைந்ததும் படம் வந்தது. விடுதிக்காரர் அவனுக்கு ஒரு மைலோ கொடுத்தார், காசு வாங்கவில்லை. சுடுதண்ணீரும் இன்று வந்தது.

ஜூன் 7, ஞாயிறு: கோவில், வடை, ரயில்

காலையில் கந்தசுவாமி கோவில். கூட்டம் அதிகம், சீக்கிரம் வந்துவிட்டோம். தெருவோரக் கடையில் பருப்பு வடை ஒன்று 1 வெள்ளி 50 சென். எண்ணெயிலிருந்து எடுத்ததும் பச்சை மிளகாயோடு தாளில் கட்டிக் கொடுத்தார்கள். ரயிலுக்கும் சேர்த்து வாங்கினோம். கடைக்கார அம்மா அப்பாவுக்கு மட்டும் மிளகாய் இல்லாமல் தனியாக ஒரு தட்டில் பொரித்துக் கொடுத்தார்.

ரயிலில் பையன் கேட்டான்: "சித்தி, நம்ம ஆளுங்க யாரும் விண்வெளிக்குப் போகலையா?"

மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் ஷுக்கோர் என்பது அவனுக்குத் தெரியும். எலும்பு மருத்துவர். 2007 அக்டோபர் 10-ம் தேதி பைக்கானூரிலிருந்து சோயுஸ் விண்கலத்தில் கிளம்பி, அக்டோபர் 21-ம் தேதி திரும்பினார். ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்த வாய்ப்பு அது. சத்தேயும் கொண்டுபோனார், நோன்புப் பெருநாளை அங்கேயே கொண்டாடினார். இவ்வளவும் பையன் ஒப்பிப்பான். ஆனால் வனஜாவை அவனுக்குத் தெரியவில்லை.

அந்தத் திட்டத்துக்கு 11,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். உடல் சோதனை, மன உறுதிச் சோதனை எல்லாம் வடிகட்டி 2006-ல் கடைசி நான்கு பேராக நின்றார்கள். அந்த நால்வரில் ஒரே பெண் வனஜா சிவா, பொறியியலாளர், தமிழ்ப் பெண். ரஷ்யாவுக்குப் போய் மருத்துவச் சோதனைகளிலும் கலந்துகொண்டவர். இறுதிப் பயிற்சிக்கு இருவர் தேர்வானபோது அவர் பெயர் அதில் இல்லை. நான் அப்போது படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். நாளிதழில் வந்த அவர் படத்தை வெட்டி இயற்பியல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். எங்கள் வகுப்பில் அறிவியல் பிரிவை விடாமல் படித்த பெண்பிள்ளைகளுக்கு அந்தப் படம் என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் ஆசிரியை ஆனதில் அதற்கும் பங்கு உண்டு.

போய் வந்தவர் பெயரைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது சரிதான். கடைசி நான்கு பேர் வரை நடந்து போனவர் பெயரும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஓடுபாதையில் கல் பொறுக்கியவர்களையும் தெரிய வேண்டும். பள்ளி திறந்ததும் எங்கள் அறிவியல் மூலையில் வனஜாவின் பெயரை நான்கு பேர் பட்டியலோடு எழுதி வைக்கப் போகிறேன். பக்கத்தில் ஜெட் எஞ்சினும் ராக்கெட் எஞ்சினும் வரைந்து, 'காற்று வாய் எங்கே?' என்ற கேள்வியையும் எழுதுவேன். விடையை ஒரு நாள் அப்பாவே வந்து சொல்லட்டும். கேட்டேன், முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்றார்.

ஈப்போவில் வடை தீர்ந்தது. இந்தத் தடவை அப்பா கையில் சொந்த ஸ்வெட்டர், கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் 25 வெள்ளிக்கு வாங்கியது. பேரன் தோளில் சாய்ந்து தூங்க, அப்பா என்னிடம் பழைய ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஆஸ்திரேலியா தன் சேபர் போர் விமானங்களில் சிலவற்றை நம் வான்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. அவை வரிசையாக நின்ற தளத்தில் அப்பாவுக்கு இடப்பக்கம் நடந்தவர் பாகான் டாலாம்காரர், வேலை நேரம் முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பாராம். தளம் கைமாறிய பிறகு அவரைப் பார்க்கவே இல்லையாம்.

70-களில் பட்டர்வொர்த் தளத்தில் ஹேங்கர் வேலையோ தளத்துப் பொறுக்கு வேலையோ பார்த்தவர்கள், அல்லது அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். படம் எதுவும் இருந்தால் இன்னும் நல்லது. அப்பாவிடம் அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூட இல்லை.